தண்டவாளத்தில் நூலளவு வெட்டு

ஏழு மாதமாகப் புல் ஒட்டிக்கொண்டிருந்தாள். பொம்மை ரயில் கட்டும் அந்தச் சங்கத்தில் அவளுக்குத் தோட்டக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது. வாரமெல்லாம் கூரியர் கடையில் பார்சல் எடை போடுவாள். ஞாயிறு காலையில் மாடியறைக்கு வந்து, அட்டை மலைக்குப் பசை தடவிப் பச்சைத் தூளைத் தூவுவாள். தண்டவாளத்தைத் தொட விடமாட்டார்கள்.

"கை நடுங்காம நிக்கட்டும், பாக்கலாம்" என்பார் அங்கே பழம் தின்று கொட்டை போட்ட, கடிகாரம் பழுது பார்க்கும் வாட்ச்காரர். ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

துணைக்கு இருக்கட்டுமே என்று அண்ணியை அழைத்துப் போனதும் அவள்தான். சொந்தக் காசில் சூனியம். அண்ணிக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. வந்த மூன்றாம் ஞாயிறே வாட்ச்காரர், ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை அண்ணியிடம் நீட்டிவிட்டார்.

"இவங்க கையில டம்ளர் குடுத்தா தண்ணிகூட ஆடாது போலிருக்கே" என்றார் சங்கத்தின் இன்னொரு ஆள், லிஃப்ட் மெக்கானிக்.

"என் கையில குடுத்தா டம்ளரே ஆடுமா?" என்றாள் தோட்டக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மலையைச் சுற்றி, வந்த வழியிலேயே திரும்பும் வளையத்தின் வேலை அண்ணிக்குப் போனது. சங்கம் நடத்தவிருந்த கண்காட்சியின் முதல் ரயில் அதில்தான் ஓடும். ஒரு பாதையில் கடைசியாகக் கை வைத்தவர்தான் அதில் முதல் ரயிலை ஓட்டவேண்டும் என்பது சங்கத்து வழக்கம். வீட்டில் அண்ணன் "உன் அண்ணி கலக்குறாளாமே" என்றபோது தோட்டக்காரி தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தாள்.

வளையம் திரும்பி வந்து சேரும் இடத்தில் இடது தண்டவாளம் வலதோடு முட்டும். இரண்டும் தொட்டால் ஷார்ட் ஆகி மின்சாரம் நின்றுபோகும்; சிவப்பு விளக்கு எரியும். அதற்காகவே வாட்ச்காரர் அங்கே நூலளவு வெட்டு விட்டிருந்தார். புல் ஒட்டிக்கொண்டே காதில் வாங்கியது தோட்டக்காரிக்கு அத்தனையும் மனப்பாடம். அண்ணிக்குத் தெரியாது. பல் செட்டில் இடுக்கு இருந்தால் அடைப்பதுதான் அவள் பிழைப்பு. குனிந்து, ஈயத்தை உருக்கி வெட்டை அடைத்து, ராவி, துருநிறம் பூசினாள்.

தோட்டக்காரி பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. இஞ்சின் அசையவில்லை. லிஃப்ட் மெக்கானிக் பலகைக்கு அடியில் படுத்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றினார்.

"அந்த வெட்டு...?" என்றார் அடியிலிருந்து.

"அது நானே போட்டதுய்யா. அதைப் பாக்கவே வேணாம்" என்றார் வாட்ச்காரர்.

மதியம் தாண்டியது. அண்ணிக்கு முகம் செத்துவிட்டது. "நான் போட்டதுலதான் ஏதோ கோளாறு. மொத்தமா பிரிச்சிடுங்க சார்."

தோட்டக்காரி இதற்குத்தான் காத்திருந்தாள். மெல்லிய ரம்பத்தை எடுத்தாள். நேராகப் போய் அந்த இடத்தில் வைத்து அறுத்தாள். சிவப்பு அணைந்தது.

"அடேயப்பா! தோட்டக்காரிக்குள்ள இவ்வளவா?" என்றார் லிஃப்ட் மெக்கானிக். வாட்ச்காரர், ரயிலை இயக்கும் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுக்கவும் செய்தார். ஏழு மாதத்தில் முதல்முறை.

அண்ணி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "தேடாம நேரா போன. அன்னைக்கே பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"என்னை யாரு கேட்டா?"

அண்ணி குனிந்து வெட்டைப் பார்த்தாள். ரம்பம் நடுங்கிய இடமெல்லாம் பிசிறு. "இதுல சக்கரம் ஏறினா கவுந்திடும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பையிலிருந்து தன் அரத்தை எடுத்து நாலே இழுப்பில் ராவி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

வாட்ச்காரர் தோட்டக்காரியைப் பார்க்காமல் தொண்டையைச் செருமினார்.

"கடைசியா கை வச்சது அவங்கதானே. வழக்கம்னு ஒண்ணு இருக்கேம்மா."

பெட்டி தோட்டக்காரி கையிலிருந்து அண்ணி கைக்குப் போனது. ரயில் வளையத்தைச் சுற்றி, தோட்டக்காரி ஒட்டிய புல்லின் ஓரமாக, ஒரு சத்தமுமில்லாமல் அந்த வெட்டைக் கடந்தது.