ஆறுமுகநயினார் உடம்பில் ஓடிய கரண்டு

1971 ஆவணியில், திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு கொத்தமல்லி மொத்தக்கடையில் கணக்கராக இருந்த ஆறுமுகநயினாரின் முழங்கையில் டெஸ்டரை வைத்தால் அதன் விளக்கு எரிந்தது. அந்த மாதம் மல்லி விலை கடுமையாக ஏறியிருந்ததால் தெருவில் அந்த விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். விஷயம் காதுக்கு எட்டியதும் மின்சார போர்டு லைன்மேன் தங்கப்பன் வந்து, தன் சொந்த டெஸ்டரால் நயினாரின் தோளையும் காது மடலையும் குதிகாலையும் தொட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே வெளிச்சம். "இது போர்டு கரண்டு அல்ல சாரே. இதுக்கு பில் எழுதான் எனக்குப் பற்றில்ல" என்று, பில் போட முடியாதெனக் கையை விரித்தார். பிறகு நயினாரின் மனைவி செண்பகவல்லி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, குளிக்கும்போது மட்டும் கவனமாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நயினார் அதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார். அவருடைய ஆம்ப்ளிஃபயரில் பாட்டுக்கு அடியில் உர்ரென்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அன்றும் அதைப் போக்குவதற்காக, சுவரில் இருந்த ப்ளக் பாயின்டில் டெஸ்டரை நுழைத்து, எந்தத் துளையில் பேஸ், எந்தத் துளையில் நியூட்ரல் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பேஸ் என்பது கரண்டு வரும் கம்பி, அதில் டெஸ்டர் எரியும். நியூட்ரல் அது திரும்பிப் போகும் கம்பி, அதில் எரியாது. இரண்டும் அவர் வீட்டில் சரியாகவே இருந்தன. சலித்துப்போய் டெஸ்டரின் முனையால் முழங்கையைச் சொறிந்தபோது விளக்கு எரிந்தது.

சூடேறிச் சிவக்கும் நான்கு கண்ணாடி வால்வு போட்ட அந்த ஆம்ப்ளிஃபயரை அவர் மூன்று வருஷம் உட்கார்ந்து அசெம்பிள் செய்திருந்தார். ட்ரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றியதுகூட அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தெருக்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்து இசைத்தட்டு கேட்டுவிட்டு, நயினாரைப் போல இந்தப் பக்கத்தில் யார் உண்டு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படி இருக்கும்போதுதான் செண்பகவல்லியின் தங்கை வடிவம்மாளைக் கட்டிய அழகியநம்பி, பக்கத்துத் தெருவில் குடியிருந்தவர், தானும் ஒன்று செய்யப் போவதாகச் சொன்னார். அழகியநம்பி தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மானேஜர். சாலிடரிங் இரும்பைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடிக்கிறவர். சந்தேகம் கேட்டு வந்தபோதெல்லாம் நயினார் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். ஒரு மழைக்காலத்துக்குள் சகலையின் பெட்டி பாடியது. இரைச்சல் இருந்தும் இல்லாத அளவு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று. செண்பகவல்லியும் தங்கையைப் பார்க்கிற சாக்கில் போய்விட்டு, அந்தி மயங்கி வந்து விளக்கேற்றிக்கொண்டே, "அங்க பாட்டு தெளிவா கேக்கு. பாடுறவ மூச்சு எடுக்கது கூட கேக்குன்னா பாத்துக்கிடுங்க" என்றாள். அந்த வாரம்தான் டெஸ்டர் எரிந்தது.

புரட்டாசியில் ஒருநாள், சகலை லாட்ஜுக்குப் போயிருந்த நேரம் பார்த்து நயினார் அந்த வீட்டுக்குப் போனார். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது, டெஸ்டரும் இருந்தது.

"ப்ளக் பாயின்ட் லூசா கெடக்குன்னு உங்க அக்கா சொன்னா. மெயினை ஆஃப் பண்ணும்மா, பாக்கேன்" என்றார்.

"நல்லதாப் போச்சு அத்தான்" என்றாள் வடிவம்மாள். "அந்தப் பெட்டியத் தொடைக்கப்ப எல்லாம் விரல்ல சுருக்குன்னு ஒண்ணு இழுக்கும். இவங்ககிட்ட சொன்னா, பாட்டுப் பெட்டின்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்லுவாங்க. நீங்க இருங்க, காப்பி போட்டுட்டு வாரேன்."

அவள் உள்ளே போனதும் நயினார் பாயின்டைக் கழற்றி, பேஸ் இருந்த இடத்தில் நியூட்ரலையும் நியூட்ரல் இருந்த இடத்தில் பேஸையும் மாற்றி முடுக்கினார். அவை மாறினால் பெட்டி இரையும் என்பது அவருக்குத் தெரியும். ஊரில் யாருக்கு வயரிங் பார்த்தாலும் முதலில் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கம்பியைத் தொடாத மனிதர், அன்று மட்டும் பார்க்கவில்லை. இப்போது இருப்பது சரியாகத்தான் இருக்கும், சரியாக இருப்பதால்தானே இவ்வளவு சுத்தமாகப் பாடுகிறது என்று அவருடைய வயிற்றெரிச்சலே அவருக்கு நிச்சயப்படுத்திக் கொடுத்திருந்தது. காப்பியைக் குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் அந்த வீட்டுக்கு வயரிங் செய்தவன் எல்லாப் பாயின்டிலும் பேஸையும் நியூட்ரலையும் மாற்றித்தான் மாட்டி வைத்திருந்தான். நயினார் கைவைத்த பாயின்ட் மட்டும் அன்றைக்குச் சரியாயிற்று. பெட்டியில் மிச்சமிருந்த கொஞ்ச இரைச்சலும் நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டு கேட்க வந்தவர்கள், பாடகி கூடத்திலேயே உட்கார்ந்திருப்பதுபோல் உணர்ந்து, கால் நீட்டாமல் மடக்கி உட்கார்ந்தார்கள். ஐப்பசியில் அழகியநம்பியின் ஏழு வயது மகள், தலைக்குக் குளித்த ஈரக் கையோடு, சுவிட்சை அணைத்து வைத்திருந்த பெட்டியின் பின்பக்கம் கையை விட்டு, உள்ளே விழுந்த பல்லாங்குழிச் சோழியை எடுத்தாள். அதைப் பார்த்துப் பதறிப்போன அழகியநம்பி, வீட்டிலுள்ள ஒவ்வொரு பாயின்டாக டெஸ்டர் வைத்துப் பார்த்தார். பேஸ் மாறிக் கிடந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் பெட்டிக்குள் கரண்டு நிற்கும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நயினார்தான். பெட்டி மாட்டியிருந்த பாயின்டைத் தவிர மற்றவை எல்லாம் தவறாக இருந்தன.

அதை அத்தான்தான் கழற்றி மாட்டினார் என்று வடிவம்மாள் சொன்னதும், அழகியநம்பி அப்படியே ஓடி வந்து நயினாரின் இரண்டு கைகளையும் பிடித்தார். சுள்ளென்று அடித்தும் விடவில்லை. "எம் பிள்ள உசுரு நீங்க தந்தது அண்ணாச்சி. வந்து சரி பண்ணிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டேளே!" என்று அழுதார். செண்பகவல்லி கணவரின் முகத்தைப் பார்த்தாள். அதில் சந்தோஷம் கொஞ்சம்கூட இல்லை. புருஷன் அன்று எதற்காகப் போனார் என்பதும், அவர் உடம்பில் ஓடுவது எது என்பதும் அந்த நிமிஷத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு வருஷங்கள் போயின. பெட்டி நன்றாகப் பாடியதைவிட, சகலை நல்லவராகவும் இருந்ததுதான் நயினாரால் தாங்க முடியாததாக இருந்தது. தீபாவளிக்கு முதல் பலகாரம் அவருக்கு வரும். வாங்கிய கையில் அன்று நாற்பது வாட் பல்பு எரியும். அழகியநம்பி கரமனைப் பக்கம் மனை வாங்கிய வருஷம் அறுபது வாட்டும் எரிந்தது. செண்பகவல்லி ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு சோறு பரிமாறவும், மரக்கரண்டியால் தொட்டு அவரை எழுப்பவும் பழகிக்கொண்டாள். தலைமுடி எழுந்து நிற்கும் என்பதால் முடிவெட்டுகிறவர் மட்டும் இரட்டைக் கூலி கேட்டார். நயினாரின் ஆம்ப்ளிஃபயர் பரணில் ஏறியது. அதை அவர் மறுபடி இறக்கவில்லை.

1983இல் மழை பொய்த்து அணைகள் வற்றிக் கேரளம் முழுக்கப் பவர்கட் வந்தது. அந்த வருஷம்தான் அழகியநம்பியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். நாகர்கோவிலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கி, நாதஸ்வர இசைத்தட்டு பாதி ஓடும்போது கரண்டு போயிற்று. சபை சப்பென்று ஆனது. சம்பந்தி முகம் சுளித்தார். வடிவம்மாள் அடுக்களையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செண்பகவல்லி புருஷனிடம் வந்தாள்.

"எந்திரிங்க. கம்பியைப் பிடிங்க."

"நானா? அவன் பெட்டிக்கா?"

"உங்க கரண்டு எங்கேருந்து வருதுன்னு பன்னெண்டு வருஷமா எனக்குத் தெரியும். கெட்டது கெட்டதாவே இருந்துட்டுப் போகட்டும். பாட்டாவது வரட்டும்."

நயினார் எழுந்து போய்ப் பெட்டியருகே உட்கார்ந்தார். அழகியநம்பி முறைப்படி முதலில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். நயினார் எரிந்தார். தன் மேல் வைத்தார், எரியவில்லை. ஆகவே பேஸ் கம்பியை நயினாரும் நியூட்ரல் கம்பியை அழகியநம்பியும் பிடித்துக்கொள்ள, வால்வுகள் சிவந்து, நாதஸ்வரம் விட்ட இடத்திலிருந்து எழுந்தது. துளி இரைச்சல் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் சமாதானமாகி வெற்றிலைத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள்.

லக்னப் பத்திரிகை வாசிக்கும் முன் அழகியநம்பி சபையைப் பார்த்து, இந்தப் பெண் இன்றைக்கு உயிரோடு இருப்பது அண்ணாச்சி செய்த புண்ணியம், தட்டை முதலில் அவர்தான் வாங்க வேண்டும் என்றார். பெண் வந்து நயினாரின் காலடியில் விழுந்து வணங்கினாள். அவளுடைய உச்சி வகிட்டைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ இளகியது. நாதஸ்வரம் தொய்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆயிற்று. வால்வுகள் மங்கின. சபை திரும்பிப் பார்த்தது. செண்பகவல்லி ரப்பர் செருப்போடு விறுவிறுவென்று வந்து அவர் காதருகே குனிந்தாள்.

"சத்தம் இவ்வளவு சுத்தமா இருக்கே, யாரு செஞ்ச பெட்டின்னு சம்பந்தி கேட்டாரு. நம்பி ஒத்தை ஆளா செஞ்சதுன்னு சொன்னேன். இந்த ஊர்ல வேற யாருக்கும் இது வராதுன்னும் சொன்னேன்."

நாதஸ்வரம் கணீரென்று எழுந்தது. பந்தி முடிகிறவரை இறங்கவே இல்லை.

அதன்பின் பவர்கட் நேரத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் ஆறுமுகநயினாரை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். அவரும் தட்டாமல் போனார். அழகியநம்பியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசத் தெரிந்த ஒருவரையும் கூடவே அழைத்து, அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.