அட்ஜஸ்ட்டுக்கு வந்த திருத்த ஆணை

ஆனையூர் பத்மாசினி சென்ற பங்குனியில் ஒன்பது விரற்கடை அகலம் இருந்தாள். உயரம் குறையவில்லை, எடையும் பெரிதாகக் குறையவில்லை, அகலம் மட்டும்தான். யாராவது அவளிடம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொன்னால் ஒரு மயிரிழை போய்விடும். கல்யாணமாகி வந்த வருஷமே இது தொடங்கிவிட்டது. அந்தக் குடும்பத்தில் வீட்டுக்குள் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், அலுவலகத்தில் பாதி ஆங்கிலம். மூன்றுக்கும் பொதுவாக இருந்த சொல் அது. கணவன் ஹரிராம் நாற்காலியை விட்டு எழாமலே அதைச் சொல்வான். அவன் தம்பி குடும்பம் ஒரு வாரம் என்று வந்து நான்கு வருஷம் தங்கியபோது சொன்னான். அவள் பீரோவுக்குள் அவர்கள் துணி ஏறியபோதும் சொன்னான். காலைப் பேருந்தில் நடத்துநர் வீரணன் அதைச் சொல்லியே இருவர் இருக்கையில் ஐந்தாவது ஆளைச் சொருகுவான். தல்லாகுளத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளர் பாண்டியராஜன் லீவு கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். ஊருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. புடவையைத்தான் பதினோரு சுற்று சுற்றிக் கட்ட வேண்டியிருந்தது.

உறைத்தது மகள் வித்யாஸ்ரீயால். பள்ளிவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்த எட்டு வயதுக் குழந்தையின் கைகள், அம்மாவைச் சுற்றிப் போய்த் தன் தோளையே பிடித்துக்கொண்டன. "உன்னையக் காணோம்மா" என்றாள். டாக்டர் டேப் வைத்து அளந்து, இப்படியே போனால் ஆடி தாண்டாது என்றார். அதுவரை அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொன்னார். அதிலும் ஒரு மயிரிழை போயிற்று.

மறுநாள் அவள் அலுவலகத்தில் தண்ணீர் கேனுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஆங்கில அகராதியை உருவினாள். அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது, வேர் லத்தீன், அருகே கொண்டுவந்து சேர்ப்பதுதான் ஆதிப்பொருள் என்று போட்டிருந்தது. சரிசெய்வது, பொருத்துவது, இணங்கிப்போவது எல்லாம் பிற்பாடு வந்தவை. குறுகுவது என்று எங்குமே இல்லை. இல்லாத அர்த்தத்துக்கா இத்தனை வருஷம் குறுகினோம் என்று அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மேற்படி சொல் இனி மூலப்பொருளிலேயே நடைமுறைப்படுத்தப்பட வேண்டும், சொல்பவரே அருகில் வர வேண்டும் என்று ஒரு திருத்த ஆணையைத் தட்டச்சு செய்து, மாலைக் கையெழுத்துக்குப் போகும் கோப்புகளின் நடுவில் செருகினாள். நாலே முக்காலுக்கு மேல் பாண்டியராஜன் எதையும் படிப்பதில்லை. கையெழுத்தாகி, முத்திரை விழுந்து, மறுநாள் காலை அமலுக்கு வந்தது.

முதலில் மாட்டியவன் வீரணன். முன்படிக்கட்டில் நின்று சொன்னவன், விசிலோடு வழுக்கிவந்து அவள் தோளில் ஒட்டிக்கொண்டான். பத்து மணிக்குப் பாண்டியராஜன் சுழல்நாற்காலியோடு வந்து சேர்ந்தார். மதியத்துக்குள் ஏழு பேர். ஒட்டியவர் விடுபட ஒரு மணிநேரம் ஆனது.

"இம்புட்டு நேரமாக்கா நிக்கிறது?" என்று வீரணன் முனகினான்.

"நான் பன்னெண்டு வருசமா நிக்கிறேன் தம்பி."

விடுபட்ட ஒவ்வொருவரும் அவளிடம் ஒரு நூல் அகலத்தை விட்டுப்போனார். மூன்றாம் நாள் கொழுந்தன் பசுமலையில் வீடு பார்த்துக்கொண்டான். ஆனியில் அவள் புடவை பழைய சுற்றுக்கு வந்தது. வித்யாஸ்ரீ கட்டிப்பிடித்தபோது கைகள் எட்டவில்லை; அந்த இடத்திலேயே பத்மாசினி அழுதாள்.

ஹரிராம் மட்டும் ஐந்து மாதம் அந்தச் சொல்லுக்கு வாயைத் திறக்கவில்லை. ஆவணியில் ஒரு சாயங்காலம் அவள் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்திருந்தவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே, மெல்ல அந்தச் சொல்லைச் சொன்னான். நாற்காலியோடு அறையைக் கடந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான். இப்போது தினமும் ஆறு மணிக்குச் சொல்கிறான். டைல்ஸில் நாற்காலிக் கால்கள் இழுபட்டு நான்கு கோடுகள் விழுந்துவிட்டன. எழுந்து ஆறு அடி நடந்தாலே போதும். அந்தப் பழக்கம் அவனுக்கு இன்னும் வரவில்லை. பத்மாசினி மடித்த துணியைத் தள்ளிவைத்து இடம் விடுகிறாள். அகலம் குறைவதில்லை.