நாற்பது வயதில் காதுகுத்து

திங்கட்கிழமை மூன்று மணிக்குள் திண்டிவனம் ஆபீசில் ஐம்பது ரூபாய் டெபாசிட் கட்டாவிட்டால், பண்ணையார் இந்த முறையும் போட்டியே இல்லாமல் ஜில்லா போர்டுக்குப் போய்விடுவார். எதிர்த்து நிற்கத் துணிந்தவன் அம்சாவின் புருஷன் முத்துசாமி ஒருவன்தான். சேரிக்கு ஒரு கிணறு வேண்டும், கூலியைச் சரியான படியால் அளக்க வேண்டும் என்று ஊர் ஊராக மனு எழுதிக் கொடுத்தவன். அவன் மடியில் இருந்தது பதினோரு அணா.

ஆளுக்கு ஓரணா, இரண்டணா கொடுக்க முகையூர்ப் பக்கத்துச் சேரிகள் எல்லாம் தயார். பண்ணையார் முந்திக்கொண்டார். முத்துசாமியின் எலெக்சனுக்குக் காலணா கொடுத்தாலும் இந்த வருஷம் மல்லாட்டைக் கடலை பிடுங்க வேலை கிடையாது என்று தண்டோரா போட்டுவிட்டார்.

அம்சா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கஞ்சி ஊற்றும்போது புருஷனின் காதையே பார்த்தாள்.

"இன்னாத்துக்கு அப்படிப் பாக்கற?"

"உனக்குக் காதே குத்தலியே."

"நான் பொறந்த மாசமே அப்பா செத்துப் பூட்டாரு. அப்புறம் யாருக்கு ஞாபகம்?"

"வர்ற ஞாயித்துக்கெழமை குத்திடலாம்யா. பதினாறு வருசமா ஊருக்கெல்லாம் மொய் வச்சிக்கினு வர்றோம். நமக்குப் புள்ள இல்ல, விசேசமும் இல்ல. ஒரு தம்பிடி திரும்பி வந்துச்சா? மொய் வக்காதேன்னு எந்தப் பண்ணையாரும் தண்டோரா போட முடியாது."

போலீஸ் தடிக்கு அஞ்சாத முத்துசாமி, ஊசியை நினைத்ததும் கலயத்தைக் கீழே வைத்துவிட்டான். அம்சா வெற்றிலை பாக்கோடு அழைக்கக் கிளம்பினாள். பண்ணை வீட்டையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பனமலையிலிருந்தும் மண்டகப்பட்டிலிருந்தும்கூட ஜனங்கள் நடந்தே வந்தார்கள். விருந்து கேப்பைக் கூழ். தாய்மாமன் சின்னக்கண்ணுவுக்கு எழுபது வயது, எலும்பும் தோலும். முறைப்படி முத்துசாமி அவர் மடியில்தான் உட்கார வேண்டும்.

"மெதுவா குந்துடா! எனக்கு இருக்கறதே ரெண்டு முட்டி!"

ஆசாரி ஊசியை எடுத்ததும் முத்துசாமி எழப் பார்த்தான். "கெட்டியா புடி மாமா, எலெக்சன்காரரு ஓடப் போறாரு!" என்று பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் கத்தினாள். அவன் போட்ட கூச்சலில், அதுவரை அழுதுகொண்டிருந்த அவள் கைக்குழந்தை வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

ஓட்டே இல்லாத பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து மொய்த்தட்டில் போட்டார்கள். எண்ணி முடித்தபோது நாற்பத்தைந்து ரூபாய். வர வேண்டியவர்கள் எல்லாரும் வந்தாயிற்று. அம்சா தட்டைக் கவிழ்த்து மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

அப்போது பண்ணைக் கணக்குப்பிள்ளை சீனுவாசன் குடையோடு வந்தார். "நாப்பது வயசுல காதுகுத்தான்னு ஐயா சிரிச்சி சிரிச்சி இருமிட்டாரு. இந்தாம்மா, அஞ்சு ரூபா. எதிரி வூட்டுக்கும் செய்யறவருன்னு நாலு பேருக்குத் தெரியணுமாம். சத்தமா சொல்லச் சொல்லு."

சின்னக்கண்ணு முட்டியைத் தடவிக்கொண்டே மூன்று தரம் சொன்னார்.

மறுநாள் இருவரும் விழுப்புரத்தில் ரயிலேறித் திண்டிவனம் போனார்கள். ஆபீஸ் வாசலில் பண்ணையார் மாலையும் மேளமுமாக நின்றிருந்தார். மூன்று மணிக்கு, போட்டியில்லை என்று ஆபீசுக்குள் முத்திரை குத்தும் சத்தம் கேட்டதும் வாசிக்க வேண்டும் என்று மேளக்காரர்களுக்கு உத்தரவு.

வீங்கிய காதுகளோடு முத்துசாமி மேசைமேல் வேட்புமனுவையும் சில்லறை மூட்டையையும் வைத்தான்.

"ஏதுடா பணம்?" என்று பண்ணையார் உள்ளே ஓடிவந்தார்.

முத்துசாமிக்கு வாயைத் திறந்தாலே காது வலித்தது. அம்சாதான் பதில் சொன்னாள். "மொய்ப் பணங்க. உங்க அஞ்சும் இதுலதான் கீது."

"அதைத் திருப்பிக் குடு!"

"குடுக்காம இருப்போமாங்க? உங்க வூட்ல ஒரு விசேசம் வரட்டும். மேல ஒரு ரூபா சேத்தே வக்கிறோம்."

குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு சில்லறையை எண்ணினார். முத்துசாமியின் மனுவின்மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

வாசலில் மேளம் பிளந்துகட்டியது.