மச்சினன் பிடித்த கயிறு

முடிச்சு அவிழவே மாட்டேன் என்றது. வெள்ளத்துரை முப்பத்தைந்து வருடமாகத் திரேஸ்புரத்தில் வலைக்கயிறும் மிதவையும் விற்கிறவர். எந்த முடிச்சையும் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்ப்பார். ஆனால் அக்கா புருஷனின் இடது மணிக்கட்டில் அவரே போட்ட முடிச்சு, நகம் வைக்க இடம் கொடுக்காமல் இறுகிக் கிடந்தது. அடுக்களையில் அக்கா ஜெயஷீலா கஞ்சியை ஆற்றுகிற சத்தம் கேட்டது. அவள் வருவதற்குள் கயிறு அங்கே அப்படிக் கிடக்கக் கூடாது. அத்தான் தேவபிரசாதம் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. அதன் தண்ணீர்ப் புட்டியில் குமிழ்கள் எழும்பி எழும்பி உடைந்தன. இன்னும் யாருக்கு மூச்சு அனுப்புகிறதோ, சனியன்.

பல்லால் கடித்து இழுத்தார். முடிச்சு விட்டது. கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு "அக்கா" என்று கூப்பிட்டார்.

அவள் வந்தாள், பார்த்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கடைசில என்னமும் சொன்னாவளா?"

"இல்லக்கா. தூக்கத்துலயே போயிட்டாவ."

"நீ பக்கத்துலதானல இருந்த?"

"இங்கனதான் இருந்தேன்."

ஜெயஷீலா புருஷனின் இடது கையைப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வரி இருந்தது. போர்வையை இழுத்து அதை மூடிவிட்டு, அதற்கப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

தேவபிரசாதம் சாதாரணப்பட்ட ஆள் இல்லை. நாசரேத்தில் வாத்தியார் குடும்பம். தூத்துக்குடியில் ஒரு காலேஜில் முப்பத்திரண்டு வருடம் இங்கிலீஷ் இலக்கியம் நடத்தியவர். முத்துக் குளிக்கிறவர்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிய கதை, கவிதைகளையெல்லாம் திரட்டி, அதில் அந்த ஜனங்களின் நிஜமான முகம் எங்கே என்று தேடுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. கேட்டால், பண்பாட்டு அடையாளம் என்பார். "ஆதார் கார்டுல இருக்க அடையாளம் போதாதா அத்தான்?" என்று வெள்ளத்துரை கேலி செய்வார். அவரும் சிரிப்பார். பேராசிரியர் என்கிற பவுசெல்லாம் மச்சினனிடம் செல்லாது.

அந்த மனிதரை ஒரே ஒரு கேள்வி சாய்த்துப்போட்டது. முப்பது வருடத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கருத்தரங்கு. இவர் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார் ஒரு தடவையாவது முங்கியிருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அரங்கமே சிரித்திருக்கிறது. ஊருக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற ஒருவரைப் பிடித்து, காலில் கல் கட்டி இறங்குகிற பழைய முறையில் என்னை இறக்கு என்று நின்றார்.

"இறக்கலாம் சார். ஆனா கயித்தக் கண்டவன் கையில குடுக்க முடியாது," என்றார் அவர். "பொண்டாட்டி கூடப்பொறந்தவன்தான் புடிக்கணும். தன் அக்கா தங்கச்சி தாலியறுத்து நிக்கக் கூடாதேன்னு அவன் ஒருத்தன்தான் கண்ணு அசராம இருப்பான்."

அப்படித்தான் கடைக்காரர் வெள்ளத்துரை படகில் ஏறினார். ஒரு கயிற்றில் கல். இன்னொரு கயிறு அத்தானின் இடுப்பிலிருந்து இவர் கைக்கு; கீழேயிருந்து இழுத்தால் தூக்கிவிட வேண்டும். அத்தான் இறங்கினார். இவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பது எண்ணுவதற்குள் கயிறு இரண்டு தடவை வெட்டி இழுத்தது. வெள்ளத்துரை தூக்கினார். மூக்கில் ரத்தத்தோடு மேலே வந்த மனிதர், மூச்சு வந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஏன் மாப்ள தூக்குன? நான் இழுக்கவே இல்லயே."

"ரெண்டு இழுப்பு இழுத்தீயளே அத்தான்!"

"ரெண்டு கையும் கல்லுக் கயித்துலதான் கெடந்துச்சு. அப்புறம் கண்ணு இருட்டிருச்சு. ஒண்ணும் தெரியல."

சங்கு குளிக்கிறவர் சிலுவை போட்டுக்கொண்டார். உடனே படகைத் திருப்பினார்.

அப்புறம் அத்தான் புத்தகம் எழுதினார், இங்கிலீஷில். ஒரு பிரதியை வெள்ளத்துரை கையில் கொடுத்தார். அது இவர் வீட்டு டிவிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு இத்தனை வருடமாகக் கிடக்கிறது. படித்தாரா என்று அத்தான் ஒருநாளும் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைதான், நுரையீரல் காய்ந்துபோய் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்திப் பேசுகிற நிலைமையில், "கடையிலருந்து ரெண்டு பாகம் கயிறு கொண்டா மாப்ள" என்றார். படித்துப் படித்துக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அக்கா திட்டினாள். வெள்ளத்துரை இரண்டு கையையும் விரித்து இரண்டு பாகம் அளந்து கொண்டுவந்து, ஒரு முனையை அத்தானின் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார்.

"இழுத்தா என்ன செய்யணும் அத்தான்? எங்கனருந்து தூக்க?"

"பேரச் சொல்லிக் கூப்புடு, போதும். உள்ள போகப் போக... நான் யாருன்னு மறந்து போவுது மாப்ள. எல்லாம் அழியுது. கூப்புட்டா வந்துருவேன்."

மூன்று நாள் வெள்ளத்துரை கடைக்குப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேயிருந்தார். புதன்கிழமை பத்தரைக்குப் போன் வந்தது. தருவைகுளத்துப் படகுக்காரர் ஒருவர், நங்கூரத்துக்கு எத்தனை மில்லி கனத்தில் கயிறு போடலாம் என்று கேட்டார். உள்ளே சிக்னல் இல்லை. கயிற்று நுனியில் ஒரு வளையம் போட்டு நாற்காலிக் கையில் மாட்டிவிட்டு வாசலுக்குப் போனார். ஐந்து நிமிஷம், அதற்கு மேல் இருக்காது.

திரும்பி வந்தபோது நாற்காலியில் கயிறு இல்லை. இரண்டு பாகக் கயிறும் அத்தானின் நெஞ்சின் மேல் சுருண்டு கிடந்தது. வளையம் அவர் முஷ்டிக்குள் இருந்தது. டம்ளர் தூக்கத் தெம்பில்லாத மனிதர். எத்தனை தடவை இழுத்தாரோ!

வீட்டில் கூட்டம் கூடியது. மெஷினை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிட்டார்கள். வெள்ளத்துரைக்கு மட்டும் அந்தக் குமிழ்ச் சத்தம் நிற்கவில்லை. "கேக்குதா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அவர் இவரைப் பரிதாபமாகப் பார்த்து, "கொஞ்சம் படுங்கண்ணாச்சி" என்றார்.

சாயங்காலம் இசக்கிசெல்வி வந்தாள். அத்தானிடம் படித்தவள், இப்போது திருநெல்வேலியில் ஒரு காலேஜில் இங்கிலீஷ் துறைத்தலைவி. கையில் அந்தப் புத்தகம். "வெள்ளத்துரைங்கது நீங்கதானா?" என்று இவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஆமாம்மா. ஏன்?"

"உங்கள ஒரு தடவை பாக்கணும்னு இருவது வருசமா நெனச்சிக்கிட்டு இருக்கேன். இந்தப் புத்தகம் உங்களுக்குத்தான சமர்ப்பணம்."

"எனக்கா? என்ன எழுதியிருக்காவ? தமிழ்ல சொல்லு."

அவள் முதல் பக்கத்தைப் புரட்டி, கொஞ்சம் யோசித்து யோசித்துச் சொன்னாள். "என் கயிறு வெள்ளத்துரையின் கையில் இருக்கும்வரை, நான் யார் என்பது எனக்குத் தெரியும்."

வெள்ளத்துரை பின்வாசல் வழியாகப் போய்க் கொல்லையில் நின்றார். சட்டைப் பைக்குள் இருந்த கயிறு கனத்தது. நாசமாய்ப் போன போன், நாசமாய்ப் போன நங்கூரம் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டு, அறுபத்தைந்து வயது ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் நாலு மணிக்கு அடக்கம். பெட்டியை இறக்குகிற கயிறுகள் இரண்டையும் தன் கடையிலிருந்தே கொண்டுவந்தார். தலைமாட்டுக் கயிற்றில் ஒரு முனையை, யார் கேட்டும் கொடுக்காமல், அவரே பிடித்தார். பெட்டி அசையாமல் இறங்கி மண்ணில் உட்கார்ந்தது. எதிர்ப்பக்கம் நின்றவர்கள் தங்கள் முனைகளைக் குழிக்குள் விட்டார்கள். இந்தப் பக்கத்தார் உருவி எடுக்க வேண்டியதுதான். கால்மாட்டுக் கயிறு சரசரவென்று வந்துவிட்டது. வெள்ளத்துரையின் கயிறு வரவில்லை.

"பெட்டிக்கு அடியில மாட்டிக்கிச்சு அண்ணாச்சி," என்றார் குழிவெட்டுகிறவர். "கெடந்துட்டுப் போவுது. விட்டுருங்க."

விடத்தான் போனார். கயிறு வெட்டி இழுத்தது. ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை.

எதிர்முனை குழிக்குள் வெறுமனே கிடந்தது. அதை யாரும் பிடித்திருக்கவில்லை. வெள்ளத்துரையின் கை தன்னாலே கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

"தேவபிரசாதம்!"

பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஜனம் சட்டென்று நின்றது. அக்கா புருஷனை யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுவார்களா? துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ தோளைத் தொட்டார்கள். உதறினார்.

"தேவபிரசாதம்! நான் புடிச்சிருக்கேன். இந்தா, புடிச்சிருக்கேன்!" அப்புறம் திரும்பாமலே, "அக்கா, அப்ப நான் இல்லக்கா. வாசல்ல நின்னு போன் பேசிக்கிட்டு இருந்துட்டேன். கயித்த விட்டுட்டேன்," என்றார்.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஜெயஷீலா வந்தாள். இவர் முகத்தைப் பார்க்கவில்லை. இவருக்குப் பின்னால் நின்று, இவர் கைக்கு அடுத்து, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் கைகள் துணுக்கென்று அசைந்தன. பிடி இறுகியது.

"மண்ணு போடணும்க்கா," என்றார் குழிவெட்டுகிறவர் மெதுவாக. "விடலாமா?"

"இரிங்க," என்றாள் ஜெயஷீலா. "இன்னும் கொஞ்ச நேரம்."