மிச்சமான ஆறாயிரத்து ஐந்நூறு

குற்றாலலிங்கம் மாமா அப்பாவின் பழைய சென்னை ஆபீஸ்காரர். அவரையும் திருவனந்தபுரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். வரச் சம்மதமா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். ஊர் எப்படி, செலவு எப்படி என்று கேட்கத்தான் கரமனையில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்திருந்தார்.

அப்பா கைப்பேசியில் தன் பட்டியலைத் திறந்து மாமாவிடம் கொடுத்தார். ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் இந்த ஊர்.

"வாடகை ஆறாயிரம் குறைவு, லிங்கம். தண்ணி லாரிங்கற பேச்சே இல்லை, கேட்டேளா."

"காய்கறி?"

"அது விலை கூடத்தான். வெளிச்செண்ணெய்னு இங்க சொல்ற தேங்காயெண்ணெய், ஆட்டோ, மெட்ராஸுக்குப் போய்வர ரயில், எல்லாமா ஆறாயிரத்தைத் தின்னுடும். அப்படியும் மாசம் ஆறாயிரத்து ஐந்நூறு மிச்சம்."

"அப்ப வந்துர வேண்டியதுதான், பட்டாபி சார்."

நான் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றேன். உள்ளே போனேன், திரும்பி வந்தேன். நாளை மத்தியானத்தோடு ஒரு பள்ளியில் அட்மிஷன் முடிகிறது. தமிழை இரண்டாம் மொழியாக எடுக்க முடிகிற பள்ளி அது. அம்மா அலைந்து கண்டுபிடித்தது. இங்கே வந்த புதிதில் சேர்ந்த பள்ளியில் மலையாளம் வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு எழுத்தே தெரியாது. வகுப்பு சிரித்தது. மூன்றாம் வாரம் நின்றுவிட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அப்பா. ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.

"நான் கேட்டு அலுத்தாச்சு. இனிமே நீயே கேளு," என்று காலையில் அம்மா சொல்லியிருந்தாள்.

காபியை வைக்கும்போது தட்டில் சிந்தியது.

"மாமா, ஸ்கூல்னு ஒரு வரி இருக்கும். பாருங்கோ."

அப்பா நிமிர்ந்தார். மாமா விரலால் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனார்.

"மெட்ராஸ்ல ஆறாயிரத்து ஐந்நூறு. இங்க சைபர். என்ன பாப்பா, இங்க பீஸ் கெடையாதா?"

"நான் போறதில்லை, மாமா."

மாமா காபியைத் தொடவில்லை. பட்டியலை மறுபடி மேலிருந்து பார்த்தார்.

"எனக்கு ரெண்டு பிள்ளைக, சார். ரெண்டையும் நிறுத்திட்டா பதிமூவாயிரம் மிச்சம் வரும் போலுக்கு."

அப்பா சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார்.

"நாளைக்கு மத்யானம் வரைக்கும்தான்," என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்தே.

அப்பா கைப்பேசியை வாங்கிக்கொண்டார். "எவ்ளோ சொல்றா?"

"வேனோட ஏழாயிரம்."

சைபரை அழித்து எண்ணைப் போட்டார். கீழே மிச்சம் மறைந்து, ஐந்நூறு பற்றாக்குறை என்று சிவப்பில் வந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"ரெண்டு ஊரும் ஒண்ணுதான் போல," என்றார் மாமா மெதுவாக.

அப்பா என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"டி.சி. எங்கே இருக்கு?"

அவர் மனசு மாறுவதற்குள் ஓடிப்போய் பீரோவைத் திறந்தேன்.