கப்பலுக்கு ஒரு வரி

கப்பலில் இன்டர்நெட்டைக் காசு கரையாமல் எப்படி உபயோகிப்பது என்று என் தம்பி மரியராஜ் சிங்கப்பூரிலிருந்து முக்கால் மணி நேரம் எனக்குப் போனில் பாடம் எடுத்தான். அந்தப் போன் காசை மிச்சம் பிடித்திருந்தால் கப்பலிலிருந்தே அம்மாவை ஒரு தடவை பேச வைத்திருக்கலாம். இதைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும் என்று தெரியும். சொன்னேன், வந்தது.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், மே மாதம். தன் மகள் அனிஷா சர்ச்சில் முதல் தடவை நன்மை வாங்குகிற புதுநன்மைக்கென்று அம்மாவை அவன் சிங்கப்பூருக்கு அழைத்துப் போயிருந்தான். திண்டுக்கல் மேட்டுப்பட்டி வீட்டில் அப்பாவும் நானும்தான். நான் டீச்சர், லீவில் இருந்தேன். ரோசலின் டீச்சருக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், அது இந்தக் கதையில் வராது. புதுநன்மை முடிந்ததும் அம்மா திரும்பியிருக்க வேண்டும். அதற்குள் மரியராஜ், "அம்மாவுக்கு ஒரு தடவ கடலக் காட்டணும்க்கா" என்று மனைவி ஏஞ்சலின், மகள் என்று குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டுவிட்டான். திங்கட்கிழமை ஏறி வெள்ளிக்கிழமை இறங்குகிற கப்பல்.

நடுக்கடலில் செல்போன் எடுக்காது. கப்பலின் சாட்டிலைட் போனில் பேசினால் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் ரூம் ஒன்று உண்டாம். அங்கே உள்ளே நுழைந்ததுமே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். நம் ஊர் பிரவுசிங் சென்டரில் நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்திருக்கிற காசு அங்கே ஒரு நிமிஷத்துக்கு. அதற்குத்தான் மரியராஜ் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான்.

"அக்கா, மெயிலுக்குள்ள ஒண்ணும் எழுதாத. சொல்ல வேண்டியத சப்ஜெக்ட்லயே ஒரு வரியில போட்டுரு. நான் தினம் சாயங்காலம் ஒரு தடவ உள்ள போவேன், ஒன்னோட வரியப் பாப்பேன், மெயிலத் தொறக்காமலே வெளிய வந்துருவேன். தொறக்கத்தான் அம்புட்டு நேரம் பிடிக்கும்."

"ஒங்கூடச் சண்ட போடணும்னா?"

"எறங்குன பெறகு போடு."

அப்பா ராயப்பராஜுக்கு இந்தக் கப்பல் விஷயம் அறவே பிடிக்கவில்லை. தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர், சுருட்டுப் பிடித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். "போன காரியம் முடிஞ்சுச்சுல்ல, வர வேண்டியதுதான" என்று போனில் அம்மாவிடம் எரிந்து விழுந்தார். அம்மா வியாகுலம்மாள் வாயில்லாப் பூச்சி என்றுதான் தெருவே நினைத்திருந்தது. அவள் அன்றைக்கு, "கட்டிட்டு வந்த நாள்லருந்து ஆத்தூர் டேமத் தவிர எந்தத் தண்ணியக் காட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டாள். அப்பா போனை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போனார். கப்பல் ஏறுகிற அன்று காலையில் அம்மா மறுபடி கூப்பிட்டபோது, "நான் இல்லேன்னு சொல்லு" என்று அவள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார். அம்மா போனை வைத்துவிட்டாள். எனக்கு ரெண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது.

திங்களும் செவ்வாயும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரஹ்மத்துல்லாவின் பிரவுசிங் சென்டருக்குப் போய் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து அனுப்பினேன். முதல் நாள், 'அப்பா சுகம், இட்லி சாப்பிட்டார்.' மறுநாள், 'அப்பா சுகம், கோபம் குறையவில்லை.' ரஹ்மத்துல்லாவின் மகள் என்னிடம் படித்தவள். அதனால் என்னிடம் காசு வாங்க அவர் கூச்சப்படுவார், நான் மேஜையில் வைத்துவிட்டு வருவேன்.

புதன்கிழமை விடியும்போது அப்பாவுக்கு மூச்சு திணறியது. இளைப்பு அவருக்குப் புதிது இல்லை, ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. உதடெல்லாம் கறுத்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மூக்குக்கும் வாய்க்கும் மேல் ஒரு மூடி மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்கம்மா" என்றார். நான் தைரியசாலி என்று பேர் எடுத்தவள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

உள்ளே போனதும் அப்பா மூடியை விலக்கி, "அவட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"எங்கிட்ட சொல்லுங்கப்பா. நான் சொல்லிர்றேன்."

"ஒங்கிட்ட சொல்றது இல்ல அது. அவட்டதான் சொல்லணும். போன் போடு."

எங்கே போட? மரியராஜின் செல்லுக்குப் போட்டால் ஒரு இங்கிலீஷ்காரி பதிவு பண்ணிய குரலில் ஏதோ சொன்னாள். ரஹ்மத்துல்லா கம்ப்யூட்டரில் தேடி கப்பலின் நம்பர் ஒன்று எடுத்துக் கொடுத்தார். ஐ.எஸ்.டி. பூத்தில் நின்று விரல் வலிக்க அழுத்தினேன், போகவே இல்லை. புதனும் வியாழனும் அந்தக் கப்பல் எந்தக் கரையையும் தொடாது என்று மரியராஜ் முன்பே சொல்லியிருந்தான். மிச்சம் இருந்தது மெயில்தான்.

சப்ஜெக்டில், 'அப்பாவுக்கு ரொம்ப முடியல, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கு, உடனே பேசு' என்று போட்டேன். அவன் வேண்டாம் என்றதை மீறி உள்ளேயும் எழுதினேன். அப்பாவுக்கு நினைவு நன்றாக இருக்கிறது, பேசுகிறார், அம்மாவிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்கிறார், எவ்வளவு ஆனாலும் சாட்டிலைட் போனில் அம்மாவைப் பேச வை, காசை நான் தருகிறேன். கூப்பிட நம்பர் வேண்டுமே என்று யோசித்தபோது ரஹ்மத்துல்லா தன் செல்லை எடுத்து என் கையில் வைத்தார். "என் நம்பரப் போடுங்க டீச்சர். போன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போங்க, பேசி முடிச்சுட்டுக் குடுங்க" என்றார். அந்த மனுஷருக்கு வியாபாரமே அந்தப் போனில்தான்.

போனை அப்பாவின் நெஞ்சு மேல் வைத்தேன். அவர் அதை ஒரு கையால் மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். நர்ஸ் கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். தண்ணீர் வேண்டுமானால் கையைக் காட்டினார். எனக்குப் பயமாகிவிட்டது.

"ஏம்ப்பா பேச மாட்டேங்கிறீங்க?"

மூடியைக் கொஞ்சம் தூக்கி, "மூச்ச மிச்சம் வக்கிறேன். அவ கூப்புடுவாள்ல" என்றார்.

சாயங்காலம் போன் அடித்தது. அப்பா என்னை முந்திக்கொண்டு மூடியைக் கழற்றிவிட்டார். தொண்டையைச் செருமினார். நான் பட்டனை அழுத்தி அவர் காதில் வைக்கப் போனேன். "அண்ணே, ரிசல்ட்டுப் பாக்க நாளைக்குக் கடைய எப்பத் தொறப்பீங்க?" என்று ஒரு பையன் குரல் கேட்டது. வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டி வைத்தேன். அப்பா தானாகவே மூடியை மாட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் மரியராஜின் பதில் வந்திருந்தது.

'புரிஞ்சுதுக்கா. அம்மாட்ட சொல்லல. நடுக்கடல்ல வச்சுச் சொன்னா யாரு தேத்துறது. ஏஞ்சலின்ட்ட மட்டும் சொல்லியிருக்கேன். வெள்ளி எறங்குனதும் கிளம்பிருவோம். அதுவரைக்கும் ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு பண்ணு. சனிக்கிழமை அடக்கம்னு சர்ச் சாமியாருக்குச் சொல்லிரு. கடைசியா ஒரு தடவ அப்பாவப் பாக்க எனக்குக் குடுத்து வக்கல.'

ரெண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை எழுத்து தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பா போனைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார், இவன் அவருக்கு ஐஸ் பெட்டி சொல்லச் சொல்கிறான்.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. செத்துப்போனார் என்று வெளியூரில் இருக்கிறவர்களுக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ரொம்ப முடியல, கிளம்பி வா என்றுதான் சொல்வார்கள். வருகிறவன் வழியில் ஒடிந்துவிடக் கூடாதாம். சேவுகம்பட்டி பெரியப்பா இறந்தபோது மரியராஜ் சென்னையில் வேலை பார்த்தான். ரொம்ப முடியல என்றதும் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தான். தெருமுனையில் பந்தலைப் பார்த்துவிட்டு, ஆப்பிள் பையோடு அப்படியே நின்றான். அந்தப் போனைப் போட்டது வேறு யாருமில்லை, அப்பாதான். அதற்குப் பிறகு யாருக்கு முடியவில்லை என்று சேதி வந்தாலும் மரியராஜுக்கு அது சாவுச் சேதிதான். வரியைப் பார்த்தான், முடிந்தது என்று எடுத்துக்கொண்டான். மெயிலைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும். திறந்தால்தான் காசு ஆகுமே.

"திருப்பி அடிங்க டீச்சர். உசுரோட இருக்காருன்னு அடிங்க" என்றார் ரஹ்மத்துல்லா.

அடித்தேன். 'அப்பா உயிரோடு இருக்கிறார், இது நிஜம், அம்மாவைப் பேசச் சொல்.' மாதாவே, இவன் கண்ணில் பட வை என்று வேண்டிக்கொண்டுதான் அனுப்பினேன்.

வார்டுக்குப் போனதும் அப்பா புருவத்தைத் தூக்கிக் கேட்டார்.

"பாத்துட்டாம்ப்பா. செத்த நேரத்துல கூப்புடுவாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபம் சொன்னபோதும் போனை விடவில்லை. ஜெபத்துக்கு வாய் மட்டும் அசைந்தது, சத்தத்தைச் செலவழிக்கவில்லை. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்தது. ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவருகிற கூட்டம் வந்து போனது. இருட்டுகிற நேரத்தில் அப்பா என் பக்கம் திரும்பி மூடியை விலக்கப் பார்த்தார், கை எழும்பவில்லை. நான் விலக்கினேன். "அவ..." என்றார். அதோடு நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுப் போனில் மரியராஜ் கூப்பிட்டான்.

"அக்கா, எறங்கிட்டோம். பெட்டியில வச்சாச்சா?"

"வச்சாச்சு. நேத்துச் சாயங்காலம் போனாரு."

"நேத்தா?" என்றான். "நீ மெயில் போட்டது புதன்கெழமல்ல?"

"புதன்கெழம உசுரோடதான்டா இருந்தாரு. அம்மாட்ட பேசணும்னு போனக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு. நேத்தும் ஒரு மெயில் போட்டேன். பாத்தியா?"

"அதுக்குப் பெறகு நான் உள்ள போகவே இல்லக்கா. இனி என்ன சேதி வரப்போகுதுன்னு..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அவன் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் அப்போதும் அவன் சொல்லவில்லை. அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று சொல்லி விமானம் ஏற்றி, திருச்சியில் இறங்கி, காரில் கூட்டி வந்தான். சனிக்கிழமை காலையில் தெருவுக்குள் கார் திரும்பியதும் அம்மா பந்தலைப் பார்த்தாளாம். "வண்டிய நிறுத்து" என்று இறங்கி நடந்தே வந்தாள்.

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தம் போட்டு அழவில்லை. கண்ணாடி வழியாக முகத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "எப்படிப் போனாரு?" என்று கேட்டாள். எனக்கு மறைக்கத் தெரியாது, மறைக்கவும் இஷ்டமில்லை. புதன்கிழமையிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மரியராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்நேரம் நான் கப்பலில் ஐஸ் கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேனே என்று அம்மா தன் வாயைத் தானே ரெண்டு அடி அடித்தாள். ஏஞ்சலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்லணும்னாரு?"

"தெரியலம்மா. ஒங்கிட்டதான் சொல்வேன்னுட்டாரு."

"கோவமாக் கேட்டாரா, சும்மாக் கேட்டாரா?"

"மூஞ்சிய மூடி வச்சிருந்தாங்கம்மா. எனக்குத் தெரியல."

அதற்குப் பிறகு யார் துக்கம் கேட்க வந்தாலும் அம்மா இதையேதான் சொன்னாள். என்னமோ சொல்லணும்னாராம், என்னன்னு தெரியலையே என்றாள். வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

பெட்டியைத் தூக்குகிற நேரம் நெருங்கியபோது மரியராஜ் என்னை அடுப்படிக்குள் இழுத்துப் போனான். "அக்கா, கோவமில்லேன்னு சொன்னாருன்னு ஒரு வார்த்த சொல்லிரு. இல்லேன்னா அவ காலம் பூரா இதையே கேட்டுக்கிட்டுக் கெடப்பா."

"நீயே சொல்லு. நம்மள்ல ஒனக்குத்தான் மறைச்சுப் பேச வருது."

அடித்த மாதிரி இருந்தது அவனுக்கு. ஆனாலும் போனான். அம்மா பக்கத்தில் குனிந்து, "அம்மா, கோவமெல்லாம் இல்லேன்னுதான் அப்பா சொன்னாராம். அக்காட்ட சொல்லியிருக்காரு. அவ தெகப்புல மறந்துட்டா" என்றான்.

அம்மா அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "அப்படியாடி சொன்னாரு?" என்றாள். அவள் முகம் அப்படி ஏங்கி நான் பார்த்ததில்லை. ஆமாம் என்று ஒரு சொல், அதற்கு மூச்சுக்கூடப் பிடிக்க வேண்டியதில்லை. மரியராஜ் பின்னாலிருந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"இல்லம்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். பெட்டிப் பக்கம் திரும்பி, கண்ணாடியில் விரல் முட்டியால் மெல்லத் தட்டினாள். "ஒரு வார்த்த இவகிட்டயாச்சும் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல" என்று அவரிடம் கேட்டாள். பிறகு நகர்ந்து, தூக்குகிறவர்களுக்கு வழி விட்டாள்.