வலித்தால் கத்து

ஞானபூரணிக்கு அந்தக் கையைத் தொடவே பயம். நர்ஸாக எத்தனையோ புண்ணைக் கழுவியவள்தான். ஆனால் இருளம்மாளின் வலது கை வேறு மாதிரி. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றிக்கொண்டதில் முழங்கை வெந்து, புண் ஆறும்போது தோலும் தசையும் சுருங்கி, கை மடங்கியபடியே நின்றுவிட்டது. இப்போது நீட்டாவிட்டால் ஆயுசுக்கும் முடம். அவசரப்பட்டு இழுத்தாலோ ஆறிய புண்ணும் கிழிந்துவிடும்.

"பதறாத காரியம் சிதறாது. எண்ணெய் தடவி, மெள்ள நீட்டி, அப்படியே பிடிச்சுக்கணும். வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. வலிக்குதுன்னு சொன்னா விட்ரணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சொல்வதற்கென்ன! இந்தக் கல்லுளிமங்கி வாயைத் திறந்தால்தானே?

ஞானபூரணி நீட்டினாள். சத்தமில்லை. தாங்குகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நீட்டினாள். முழங்கை மடிப்பில் ரத்தம் கசிந்தது.

"ஐயோ, ஏசப்பா!" ஞானபூரணி பஞ்சை எடுத்து அழுத்தினாள். "ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? வலிச்சா கத்தித் தொலைய வேண்டியதுதான?"

"கோவிச்சுக்கிறாதீக, நர்சம்மா. கத்தக் கூடாது."

"நான் சொல்லுதேன், கத்து!"

கசிவு காய்ந்த பிறகு ஞானபூரணி மறுபடி எண்ணெயைத் தொட்டுக்கொண்டாள். லேசாக நீட்டினாள். இருளம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு வீறிட்டாள்.

அவ்வளவுதான், வார்டே அலறியடித்து எழுந்தது. படுத்திருந்த அத்தனை பேரும் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள். அடுத்த கட்டில் அய்யம்மாள் வெந்த காலோடு குதித்து வாசலுக்கு ஓடினாள். நடக்க முடியாதவர்கள் தரையில் தவழ்ந்தார்கள். என்ன ஏதென்று தெரியாமலே ஞானபூரணியும் எழுந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல! நாந்தான் கத்துனேன்! ஓடாதீக!" என்று இருளம்மாள் கதறினாள். பிறகு விசும்பினாள். "இதுக்குத்தாம்மா வாயத் திறக்கல. கம்பெனி மருந்து ரூம்ல ஒருத்தி கத்துனா, தீப்பிடிச்சுருச்சுன்னு அர்த்தம்."

ஞானபூரணி ஓடிப்போய் அய்யம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். எல்லாரையும் சமாதானப்படுத்திப் படுக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கத்த வேண்டாம் தாயி. இடது கையால என் தோளப் பிடிச்சுக்க. வலிச்சா அழுத்து. எம்புட்டு வலிச்சாலும் மறைக்காத, என்ன?"

இருளம்மாள் தலையாட்டினாள். ஞானபூரணி எண்ணெயைத் தொட்டு முழங்கையில் வைத்தாள். இன்னும் நீட்டத் தொடங்கவேயில்லை. அதற்குள் இருளம்மாளின் ஐந்து விரலும் அவள் தோளில் நகம் பதிய இறுகின.